அம்மாவின் பழைய பவளங்களை மீண்டும் மாலையாக்குதல்: கோர்க்கும் முன் எப்படித் திட்டமிடுவது?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்):

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாக மாலைப் பொழுதுகளில் மணி கோர்த்து வருகிறேன். விற்பனைக்காக அல்ல, வீட்டிலுள்ளவர்களுக்கும் உறவுப் பெண்களுக்கும் கைச்சரம், காதணி, சிறு மாலை என்று செய்து கொடுப்பதில் எனக்கு மனநிறைவு கிடைக்கிறது. கண்ணுக்குப் பிடித்த மணியை வாங்கி வந்து, நூலில் ஏற்றிக்கொண்டே போய், போதும் என்று தோன்றும் இடத்தில் முடிச்சுப் போடுவதுதான் இதுவரை என் வழக்கம். சிறிய பொருள்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

இப்போது எடுத்திருக்கும் வேலை அப்படிப்பட்டதன்று. பாட்டி அணிந்து, பிறகு அம்மாவுக்கு வந்த பவள மாலை சென்ற மார்கழியில் நூல் இற்று அறுந்து கூடமெங்கும் சிதறிவிட்டது. அலமாரிக்கு அடியிலும் நிலைப்படி ஓரத்திலும் தேடிப் பொறுக்கியதில் 43 பவளங்கள் கிடைத்தன, மற்றவை கிடைக்கவில்லை. வருகிற தை மாதத்தில் அம்மாவுக்கு எண்பது வயது நிறைகிறது. அன்று அவர் கழுத்தில் அதே பவளங்கள் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

பவளங்கள் குட்டையான பீப்பாய் வடிவத்தில் இருக்கின்றன. நீளம் 5 மி.மீ. முதல் 8 மி.மீ. வரை மாறுபடுகிறது. எல்லாவற்றையும் இடைவெளி விடாமல் ஒரே வரிசையில் வைத்து அளந்தால் 27.5 செ.மீ. வருகிறது. பழைய மாலையோ ஏறத்தாழ 24 அங்குலம், அதாவது 61 செ.மீ. இருந்தது. பாதி நீளத்துக்குக்கூடப் பவளம் இல்லாத நிலையில் இடையில் எந்த மணியை, எத்தனை சேர்ப்பது, அதை வாங்குவதற்கு முன்பே எப்படிக் கணக்கிடுவது என்பதே என் முதல் கேள்வி. சென்ற ஆண்டு ஒரு மாலையை முக்கால் பங்கு கோர்த்தபின் மணி தீர்ந்துபோய், அதே கடையில் அதே பெயரில் வாங்கிய அடுத்த பொட்டலம் நிறத்தில் வேறுபட்டிருந்ததால் முழுவதையும் பிரிக்க நேர்ந்தது. இந்தப் பவளங்களை அவ்வாறு திரும்பத் திரும்பக் கோர்த்துப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். தெரிந்தவர் ஒருவர் தம்மிடம் அரிக்கமேட்டு மணிகள் (புதுச்சேரிக்கு அருகே உள்ள பழங்காலத் துறைமுகத்தில் கிடைத்த மணிகள்) சில இருப்பதாகவும், நடுவில் வைத்துக் கோர்த்தால் மாலைக்குத் தனி மதிப்பு வரும் என்றும் சொல்கிறார். வாங்கலாமா?

ஒற்றைச்சரம் (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):

வணக்கம் அம்மா. உங்கள் கேள்வியிலேயே பாதித் திட்டம் இருக்கிறது. பெரும்பாலோர் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, அதைப் போலச் செய்ய வேண்டும் என்று மணி தேடிப் போகிறார்கள். நீங்களோ கையிலிருக்கும் மணியையும் வேண்டிய நீளத்தையும் முதலில் அளந்திருக்கிறீர்கள். நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பொழுதுபோக்காக இதைச் செய்து வருகிறேன். எந்த மாலைக்கும் இந்த இரண்டு அளவுகளிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் உறுதியான எண்ணம்.

கணக்கை இப்படிப் போடுங்கள். 61 செ.மீ. என்பது 610 மி.மீ. அதில் கொக்கிக்கும் அதன் வளையங்களுக்கும் 20 மி.மீ. போக 590 மீதி. பவளம் 275 மி.மீ. எடுத்துக்கொள்கிறது. 43 பவளங்களுக்கு இடையே 42 இடங்கள், இரு முனைகளிலும் இரண்டு, ஆக 44 இடங்கள் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் 3 மி.மீ. அளவுள்ள சிறு குண்டு ஒன்று வைத்தால் 132 மி.மீ. ஆகும். இன்னும் 183 மி.மீ. எஞ்சுகிறது. இதை முன்பக்கத்தில் பரப்ப வேண்டாம். பிடரிப் பக்கத்தில் இரு புறமும் 4 மி.மீ. முத்துகளைப் பக்கத்துக்கு 23 என்று 46 வைத்தால் 184 மி.மீ. வந்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு முன்புறம் முழுவதும் பவளமாகவே தெரியும். பின்னால் முத்து தொடர்வது ஒரு குறையாகத் தெரியாது.

முத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பவளம் கண்ணாடியைவிட மென்மையானது. கண்ணாடி மணிகளை அதனுடன் நெருக்கிக் கோர்த்தால், அணிந்து நடக்கும்போதெல்லாம் உரசி, சில ஆண்டுகளில் பவளத்தின் ஓரம் மங்கத் தொடங்கும். முத்தும் பவளமும் ஏறக்குறைய ஒரே மென்மை உடையவை. நம் ஊரில் இவ்விரண்டையும் சேர்த்துக் கோர்க்கும் வழக்கத்துக்கு அழகு மட்டுமே காரணம் அன்று என்று நான் நினைக்கிறேன்.

வரிசைப்படுத்துவதற்குப் பல்லாங்குழிப் பலகை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு குழிகளில் பவளங்களை நீளவாரியாகப் பிரித்துப் போட்டால், எந்த அளவில் எத்தனை இருக்கின்றன என்பது உடனே தெரியும். 43 என்பது ஒற்றைப்படை எண்ணாக அமைந்தது உங்கள் நற்பேறு. மிகப் பெரியது நடுவில் ஒன்று, இரு புறமும் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும் 21 ஜோடிகள். ஜோடி சேர்க்கும்போது நீளத்தோடு நிறத்தையும் பாருங்கள். பழைய பவளம் ஒரே சிவப்பாக இராது. வெளிறிய ஒன்றும் அடர்ந்த ஒன்றும் எதிரெதிரே வந்தால் மாலை ஒரு பக்கம் சாய்ந்ததுபோல் தோன்றும். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். குழல்விளக்கின் கீழ் எல்லாச் சிவப்பும் ஒன்றுபோலவே தெரியும்.

பிறகு ஒரு தாளில் மாலையை நடுவிலிருந்து ஒரு பாதி மட்டும் வரைந்து, ஒவ்வொரு மணியின் அளவையும் அதன் கீழே எழுதிவிடுங்கள். மறு பாதி அதன் நிழல்தானே. மணிகளை வாங்கும்போது கணக்கில் வருவதைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக, ஒரே நாளில், ஒரே சரத்திலிருந்து வாங்குங்கள். சென்ற ஆண்டு உங்களுக்கு ஏற்பட்ட இடர் அதனால் நீங்கும்.

முடிச்சுநூல் (திருப்பாதிரிப்புலியூர், கடலூர்):

முத்தியால்பேட்டை நண்பரின் கணக்கு தாளில் சரிதான். ஆனால் நூலில் ஏற்றியவுடன் அது மாறும் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் தந்தையார் நகைக்கடைகளுக்கு முத்துச் சரம் கட்டிக் கொடுத்தவர். அவரிடம் அமர்ந்து கற்றதைத்தான் எழுதுகிறேன்.

பல ஆண்டுகள் அணிந்த பவளத்தின் துளை நூல் உராய்ந்து அகன்றிருக்கும். வாய்ப்பகுதி சற்றுக் குழிந்தும் இருக்கும். அதன் பக்கத்தில் 3 மி.மீ. குண்டை வைத்தால், குண்டின் வயிறு அந்தக் குழிக்குள் கொஞ்சம் அமர்ந்துவிடும். ஓர் இடத்தில் அரை மில்லிமீட்டர்தான் என்றாலும் 44 இடங்களில் அது இரண்டு சென்டிமீட்டர் ஆகிவிடும். ஆகையால் முதலில் பத்துப் பவளங்களையும் பத்துக் குண்டுகளையும் சாதாரணத் தையல் நூலில் கோர்த்து, இழுத்துப் பிடித்து அளந்து, அந்த அளவைக் கொண்டு பெருக்குங்கள். முழு மாலையையும் கோர்த்துப் பிரிக்க வேண்டாம். இந்தப் பத்து போதும்.

அடுத்து நூல். மாலையில் எந்த மணியின் துளை மிகக் குறுகலோ, அதுதான் நூலின் தடிமனை முடிவு செய்யும். உங்கள் மாலையில் அது முத்தாகத்தான் இருக்கும். முத்தின் துளை பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது. வாங்கப் போகும்போது நூலையும் ஊசியையும் கையோடு கொண்டு சென்று, சரத்தின் இரு முனைகளிலும் நடுவிலும் உள்ள முத்துகளில் நுழைகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். மீன்பிடிக்கும் தங்கூசி நரம்பு வலுவாக இருக்கிறது என்று சிலர் அதில் கோர்க்கிறார்கள். அது வளைந்து படியாது, வெயிலில் நாள்பட்டால் விறைத்து ஒடியும், முடிச்சும் நழுவும். பட்டு நூலே பவளத்துக்கும் முத்துக்கும் ஏற்றது. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: பட்டு இழுபடும். கோர்ப்பதற்கு முந்தைய இரவு நூலின் நுனியில் ஒரு சிறு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டால், இழுபட வேண்டியது அப்போதே இழுபட்டுவிடும். இதைச் செய்யாமல் கோர்த்த மாலையில் ஓரிரு மாதங்களில் மணிகளுக்கிடையே நூல் தெரியத் தொடங்கும்.

நடுவில் வைக்கும் குண்டுகளைப் பித்தளையில் வாங்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். கடற்கரை ஊரில் உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து பித்தளையைப் பச்சை பூக்கச் செய்யும். அந்தப் பச்சை பவளத்தின் துளைக்குள் இறங்கிக் கறையாகிவிடும். வெள்ளிக் குண்டோ, தங்க முலாம் பூசிய வெள்ளிக் குண்டோ வாங்குங்கள். வெள்ளி கறுத்தாலும் மெல்லிய துணியால் துடைத்து மீட்டுவிடலாம்.

கெடிலக்கரை:

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. சொன்னபடியே பத்துப் பவளங்களை ஒரு நகைக்கடையில் மாதிரிக்கு வாங்கிய வெள்ளிக் குண்டுகளுடன் தையல் நூலில் கோர்த்து அளந்தேன். என் கணக்குப்படி 94 மி.மீ. வந்திருக்க வேண்டும், வந்தது 89 மி.மீ. பத்துக்கு ஐந்து குறைகிறது என்றால், 43 பவளங்களுக்கு ஏறத்தாழ 21 மி.மீ. குறையும். அதை ஈடுசெய்யப் பக்கத்துக்கு மூன்று முத்துகள் கூட்டி, 46-க்குப் பதிலாக 52 முத்துகள் என்று திட்டத்தைத் திருத்தினேன்.

அதன்பிறகுதான் அம்மாவிடம் காட்டினேன். அவர் முதலில் கேட்டது கொக்கியைப் பற்றி. விரல் மூட்டுகளில் வலி இருப்பதால், சிறு விசைக்கொக்கிகளை அவரால் தனியாகத் திறந்து மாட்ட முடிவதில்லை. பழைய மாலையையும் கடைசி ஆண்டுகளில் யாராவது மாட்டிவிட்டால்தான் அணிந்திருந்தார். ஒவ்வொரு முறையும் பிறரை அழைக்க வேண்டியிருப்பது அவருக்கு வருத்தம் என்பதை இத்தனை நாளும் நான் கவனிக்கவில்லை. பெரிய கொக்கியாக வைத்தால் பிடரியில் உறுத்தும் என்கிறார். இதற்கு என்ன வழி?

ஒற்றைச்சரம்:

கொக்கியே இல்லாமல் செய்துவிடுங்கள். பெரியவர்களின் தலைச்சுற்று பெரும்பாலும் 54 முதல் 58 செ.மீ.க்குள் இருக்கும். உங்கள் மாலை 61 செ.மீ.; கொண்டை போடும் வழக்கம் இருந்தால் அது தடுக்கும். ஆகவே சணல் கயிற்றில் ஒரு வளையம் கட்டி, அம்மாவே அதைத் தலைவழியாகப் போட்டுக் கழற்றட்டும். சிரமமின்றிப் போய்வரும் மிகக் குறைந்த நீளம் எதுவோ, அதுதான் மாலையின் நீளம். 24 அங்குலம் என்பது பழைய மாலையின் அளவு. அதைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்பதில்லை.

முடிச்சுநூல்:

நானும் இதையே சொல்ல வந்தேன். கொக்கியில்லாத மாலையைத் தலைவழியாகப் போடும்போது கூந்தலில் சிக்கி இழுபட வாய்ப்புண்டு என்பதால், பின்பக்க முத்துகளுக்கிடையே ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சுப் போடுங்கள். அந்தப் பகுதியில் என்றாவது நூல் அறுந்தாலும் ஒன்றிரண்டு முத்துகள்தான் விழும். மறுபடி கூடமெங்கும் தேட வேண்டியிராது. ஒரு முடிச்சுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முத்து நான்கு, முடிச்சு ஒன்று, ஆக ஐந்து. பவளப் பகுதியில் முடிச்சு வேண்டாம். அகன்ற துளைக்குள் அது மறைந்து போகும், பயனில்லை. அந்த இடத்தில் வெள்ளிக் குண்டுகளே பவளங்கள் ஒன்றோடொன்று மோதாமல் காக்கும்.

முடிச்சுப் போட நூல் நிறைய வேண்டும். இரட்டை நூலாகக் கோர்ப்பதானால் மாலையின் நீளத்தைப்போல் ஐந்து மடங்காவது வெட்டிக்கொள்ளுங்கள். சிறிது நூல் வீணாகலாம். நடுவில் ஒட்டுப்போட நேர்வதைவிட அது மேல்.

உப்பங்கழி (அரியாங்குப்பம், புதுச்சேரி):

அரிக்கமேட்டு மணிகளைப் பற்றிய கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. நான் அந்த ஊர்ப் பக்கத்தில் வாழ்கிறவன் என்பதால் எழுதுகிறேன். அன்புகூர்ந்து வாங்காதீர்கள்.

அரிக்கமேடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். 1945-இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை காசால் என்ற பிரெஞ்சு அறிஞரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழுவினரும் அங்கே அகழ்ந்தார்கள். கண்ணாடி மணிகளும் சூதுபவளம், படிகம் போன்ற கல்மணிகளும் அவற்றைச் செய்தபோது எஞ்சிய கழிவுகளும் கிடைத்ததால்தான், அது மணிகள் வந்திறங்கிய துறை மட்டுமன்று, மணிகள் உருவான ஊர் என்பது உறுதியாயிற்று. மழைக்குப் பிறகு மண் கரைந்து மேட்டில் மணிகள் வெளியே தெரிவதும், அவற்றைச் சிலர் பொறுக்கிச் சென்று விற்பதும் எங்களுக்கு நீண்ட நாள் வேதனை. ஒரு மணி எந்த அடுக்கில், எதன் அருகே கிடந்தது என்பதில்தான் அதன் செய்தி இருக்கிறது. எடுத்துக் கோர்த்துவிட்டால் அந்தச் செய்தி மீளாது. நூறாண்டைக் கடந்த தொல்பொருள்களை வாங்கி விற்பதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. உரிமம் இல்லாதவர் அவற்றை விற்க முடியாது. உங்களிடம் சொல்லப்பட்டவை உண்மையானவை என்றால் வாங்குவது குற்றத்துக்குத் துணைபோவதாகும். போலியானவை என்றால் பணம் வீண்.

அவற்றைப் பார்க்க ஆசையிருந்தால் செயின்ட் லூயி வீதியிலுள்ள புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை வாருங்கள். மணி கோர்க்கிறவர்களுக்கு அங்கே ஒரு மணி நேரம் போதாது. உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, துண்டுதுண்டாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனை மழுக்கிச் செய்த மணிகள் அவை. பல மணிகள் 5 மி.மீ.க்கும் சிறியவை. ஒளி ஊடுருவாத செங்கல் சிவப்பும் நீலமும் மஞ்சளும் பச்சையும் அடுத்தடுத்து இருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, நான் என் நிறத் திட்டங்கள் பலவற்றை மாற்றி வரைந்திருக்கிறேன். கண்ணால் எடுத்துக்கொண்டு வருவதற்குத் தடை ஏதும் இல்லை.

இதே தொடரில் இன்னொரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பவளத்துக்குப் பக்கத்தில் சிவப்பும் கறுப்புமாகக் குன்றிமணி வைத்தால் அழகாக இருக்கும் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். அதன் கெட்டியான தோல் உடையாதவரை ஆபத்து குறைவு. கோர்ப்பதற்காகத் துளையிட்டால் உள்ளேயிருக்கும் கொடிய நஞ்சு வெளிப்படும். துளையிடும்போது எழும் தூளும் தீங்கானது. குழந்தைகள் வாயில் வைக்கக்கூடிய வீடுகளில் அந்த மணி இருக்கவே கூடாது.

கெடிலக்கரை:

அரியாங்குப்பம் ஐயாவுக்கு நன்றி. அந்தத் தெரிந்தவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், காரணத்தையும் சொன்னேன். அடுத்த மாதம் அம்மாவையே அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன்.

சணல் வளையச் சோதனையில் 66 செ.மீ. என்ற நீளத்தில் அம்மா கொண்டையைக் கலைக்காமல் தாமே போட்டுக் கழற்றினார். அதன்படி திட்டத்தை மீண்டும் எழுதினேன். சரிபார்த்துச் சொல்லுங்கள்: பவளமும் வெள்ளியுமான பகுதி, கோர்த்து அளந்த கணக்கில், 386 மி.மீ. 660-இல் அதைக் கழித்தால் 274. ஒரு முத்துக்கு முடிச்சுடன் 5 மி.மீ. என்றால் 55 முத்துகள். பிடரியின் நடுவில் ஒன்று, இரு புறமும் இருபத்தேழு. வாங்க வேண்டியவை 61 முத்துகள், 49 வெள்ளிக் குண்டுகள்.

முடிச்சுநூல்:

சரியாக இருக்கிறது. முத்தை 4 மி.மீ. என்று கடையில் சொன்னாலும் சரத்தில் பத்து முத்துகளின் நீளத்தை அளந்து பாருங்கள். 38 வந்தால் இரண்டு முத்துகள் கூட்டிக்கொள்ளுங்கள். கோர்த்து முடித்தபின் நூலின் இரு முனைகளையும் முத்துகளுக்குள் பின்னோக்கி நுழைத்து, இரண்டு மூன்று இடங்களில் முடிச்சிட்டு மறைத்துவிடுங்கள். பசை தொட்டு வைப்பதானால் ஊசி நுனியளவு போதும்.

மாலையை நறுமணத் தைலம், பவுடர் எல்லாம் பூசிய பிறகு கடைசியாக அணியச் சொல்லுங்கள். கழற்றியதும் ஈரத் துணியால் துடைத்து, நிழலில் உலரவிட்டு, பருத்திப் பையில் படுக்கவைத்து வையுங்கள். எலுமிச்சை, புளி எதுவும் படக்கூடாது; பவளத்தையும் முத்தையும் புளிப்பு அரித்துவிடும். வெள்ளி கறுக்காமல் இருக்கட்டும் என்று காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் பூட்டி வைத்தால், நாளடைவில் முத்து வறண்டு பொலிவிழக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நூலை மாற்றுவது நல்லது. இந்தத் திட்டத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். அப்போது மறுபடி அளக்க வேண்டியிராது.

கெடிலக்கரை:

முத்து வாங்கிவிட்டேன். பத்து முத்துகள் 39 மி.மீ. வந்ததால் 56 முத்துகளாக்க நினைத்தேன். பிடரியின் நடுவில் ஒன்று நிற்க வேண்டும் என்பதற்காக 57 என்று முடிவு செய்திருக்கிறேன்.

நேற்று மாலை பல்லாங்குழியில் பிரித்து வைத்திருந்த பவளங்களை வெள்ளைத் துணியில் வரிசையாகப் பரப்பி அம்மாவை அழைத்தேன். மிகப் பெரிய பவளத்தை நடுவில் வைத்திருந்தேன். அவர் வரிசை முழுவதையும் விரலால் தடவிக்கொண்டே வந்து, ஓரத்தில் ஊசி குத்தியதுபோல் கரும்புள்ளி உள்ள நடுத்தர அளவுப் பவளம் ஒன்றை எடுத்து, பாட்டி தாலாட்டும்போது தாம் பிடித்துக்கொண்டு உறங்கியது இதுதான் என்றார். பழைய மாலையில் அது இடப்புறம் நெஞ்சுக்கு மேலே இருந்ததாம். அதற்கு ஜோடியாக வலப்புறம் வைக்க அதே நீளத்தில் 6.5 மி.மீ. பவளம் ஒன்று இருக்கிறது. நிறம் மட்டும் கொஞ்சம் அடர்த்தி. தாளில் நடுவிலிருந்து ஒன்பதாவது இடத்தில் அந்த இரண்டையும் குறித்துவிட்டேன். பட்டு நூல் இன்று இரவு பூட்டோடு தொங்குகிறது. நாளை காலை வெளிச்சம் வந்ததும் கோர்க்க உட்காருகிறேன்.